மட்டமும் வாட்டமும்: வேலூரின் புதுத் தெருக்களுக்கு ஒரு மதிப்பீடு

வேலூரில் ஒரு தெருவை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஐப்பசி மழை வரை காத்திருக்க வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் பத்து மீட்டர், ஒரு டேப், ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் போதும். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் பெயரில் ஊருக்குக் கிடைத்த சிமெண்ட் தெரு, மழைநீர்க் கால்வாய், பாதாளச் சாக்கடை இணைப்பு, புதிய பேருந்து நிலையம் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பார்ப்பது போலவே இங்கே பார்க்கிறோம். சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்டுகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேற்பரப்புக்குப் பத்துக்கு எட்டு. மட்டத்துக்கும் வாட்டத்துக்கும், அதாவது தெருவின் உயரத்துக்கும் தண்ணீர் வடியும் சாய்வுக்கும், பத்துக்கு நான்கு. பேருந்து நிலையத்துக்கு ஏழு. இவை நம் மதிப்பீடு; தெருவுக்குத் தெரு ஏறும், இறங்கும். ஏன் இப்படி என்பதும், உங்கள் தெருவுக்கு இனி பணி வரும்போது எதை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதும்தான் கீழே இருப்பது.

2016 செப்டம்பரில் வெளியான பட்டியலில் மதுரை, சேலம், தஞ்சாவூரோடு வேலூரும் ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வானது. ஒரு நகருக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி ரூபாய் வரை. அதே அளவு மாநிலத் தரப்பிலிருந்தும் வர வேண்டும். 2008-இல் மாநகராட்சியாகி, பிறகு சத்துவாச்சாரியையும் காட்பாடிப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு 60 வார்டாக விரிந்த ஊருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் ஒரு குறை தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. எந்தத் தெரு, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் வாட்டம் என்று தீர்மானித்த காலத்தின் பெரும்பகுதியில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று யாருமே இல்லை. கொசப்பேட்டையில் மழைத்தண்ணீர் எந்த முனையில் வந்து நிற்கும் என்பது வரைபடத்தில் இருக்காது. அங்கே பிறந்து வளர்ந்து ஓட்டுக் கேட்கிறவருக்குத் தெரியும், மூலையில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்த அறிவு போதிய அளவு சேராமலேயே தெருக்களின் உயரம் முடிவானது. 2025 மார்ச் 31-உடன் திட்டக் காலமும் முடிந்துவிட்டதால், போட்டதைக் கட்டிக்காக்கும் செலவு இனி மாநகராட்சியின் தலையில்.

சிமெண்ட் தெரு

சைதாப்பேட்டை, கொசப்பேட்டை, வேலப்பாடி, தோட்டப்பாளையம் போன்ற பழைய பகுதிகளில் மூன்று நான்கு மீட்டர் அகலச் சந்துகள் நிறைய. ஒரு பக்கம் திண்ணை வைத்த ஓட்டு வீடு, பக்கத்தில் மூன்று மாடி, எதிரே லாட்ஜ். இந்த அகலத்தில் ரோலர் திரும்பவே இடம் இருக்காது. தண்ணீர் தேங்கும் இடத்தில் தார் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் பெயரும். ஆகவே சந்துகளுக்கு சிமெண்ட் என்ற தேர்வு சரிதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிழை நேர்வது அதைப் போடும் முறையில்.

கணக்கைப் பாருங்கள். அடியில் 10 சென்டிமீட்டர் ஜல்லிப் படுகை, மேலே 15 சென்டிமீட்டர் கான்கிரீட். பழைய தெருவைத் தோண்டாமல் அப்படியே மேலே போட்டால் தெரு 25 சென்டிமீட்டர் ஏறுகிறது. அதாவது பத்து அங்குலம். வீட்டுப் படி ஒன்றின் உயரம் ஆறு ஏழு அங்குலம்தான். ஒரே பணியில் ஒன்றரைப் படி மண்ணுக்குள் போய்விடுகிறது. இரண்டாவது முறை இப்படிப் போட்டால் வாசப்படியும் தெருவும் சமமாகிவிடும். மூன்றாவது முறையில் வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கும். பழைய ஓட்டு வீடுகளில் இதன் பாதிப்பு இரட்டிப்பு. மழைத்தண்ணீர் உள்ளே வருவது ஒன்று. தெருவின் ஈரம் சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஏறி, காரை பொருபொருவென்று உதிர்வது இன்னொன்று. அதைத் தடுக்க வாசலில் சிமெண்ட் மேடு கட்டுகிறார்கள். அந்த மேடு தெருவின் அகலத்தைத் தின்கிறது, பக்கத்து வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது, அங்கிருந்து சண்டை தொடங்குகிறது.

சாலையின் மட்டம் உயரக் கூடாது, இருக்கும் மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே மாநிலத்தின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். தார் சாலையின் மேல்பரப்பைச் சுரண்ட மில்லிங் இயந்திரம் வரும். மூன்று மீட்டர் சந்துக்குள் அது நுழையாது. அங்கே சின்ன பிரேக்கர் வைத்து உடைத்து, குப்பையை ஆட்டோ டிப்பரில் வாரிக்கொண்டு போக வேண்டும். நேரமும் கூலியும் ஏறும். மதிப்பீட்டுத் தொகையில் இந்த உடைப்புச் செலவு தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எழுதப்படாவிட்டால் உடைக்க மாட்டார்கள். ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காசு வைக்காத வேலையை யாரும் செய்வதில்லை.

அடுத்தது அளவு. நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். ஒரு ரெடிமிக்ஸ் லாரி 6 கன மீட்டர் கொண்டுவரும் என்று வைத்தால் எட்டு லாரி வர வேண்டும். ஐந்தாவது லாரியோடு தெரு முடிந்துவிட்டால் கனம் பத்து சென்டிமீட்டரைத் தாண்டவில்லை என்று அர்த்தம். வாசலில் உட்கார்ந்து எண்ணக்கூடிய கணக்கு இது. சாலைக்குப் போடும் கான்கிரீட்டின் வலு எம்-30 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது. லாரியோடு வரும் சீட்டில் தரம், கிளம்பிய நேரம், அளவு மூன்றும் அச்சாகி இருக்கும். அந்தச் சீட்டைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 45 கன மீட்டருக்கு நான்கு மாதிரி, மாதிரிக்கு மூன்று கட்டி வீதம் பன்னிரண்டு கியூப் (கனசதுரக் கட்டி) எடுத்து 28-ஆம் நாள் உடைத்து வலுவைப் பார்க்க வேண்டும் என்பது விதி. கியூப் அச்சே இடத்தில் இல்லையென்றால் சோதனையும் நடக்கப்போவதில்லை.

கிளம்பிய நேரம் ஏன் முக்கியம்? தண்ணீர் கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும். ஊருக்கு வெளியிலிருந்து கிளம்பும் லாரி மண்டித் தெருப் பக்கமோ லாங் பஜார் பக்கமோ சிக்கிக்கொண்டால் அந்த நேரம் வழியிலேயே கரைந்துவிடும். கலவை இறுகும்போது ஹோஸை எடுத்து டிரம்முக்குள் தண்ணீர் விடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி விட்ட கான்கிரீட் பார்க்க வழவழப்பாக ஓடும், வேலையும் சுலபமாக முடியும். ஆனால் வலு குறைந்து, ஆறு மாதத்தில் மேலே மாவு மாவாகப் பெயர்ந்து, பெருக்கும்போதெல்லாம் சிமெண்ட் தூள் கிளம்பும். ஜல்லி தெரிய ஆரம்பித்த தெருக்களில் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான் குற்றவாளி.

நேர நெருக்கடிக்கு இன்னொரு விளைவும் உண்டு. 2022-இல் காளிகாம்பாள் கோயில் தெருவில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமலேயே அதன் சக்கரத்தைச் சேர்த்து சிமெண்ட் போட்ட படம் நாடு முழுக்கப் போனது. அதே ஆண்டு சத்துவாச்சாரிப் பக்கம் கைப்பம்பைப் பிடுங்காமல் அதைச் சுற்றியே கால்வாய் கட்டினார்கள். ஊரே வெட்கப்பட்ட விஷயங்கள் இவை. இரவில் கான்கிரீட் கொட்டுவதில் தவறில்லை. நம் ஊர் வெயிலுக்கு அதுவே நல்லது. ஆனால் முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லி வண்டிகளை எடுக்கச் செய்து, பயனற்ற பம்பையும் கம்பத்தையும் அகற்றி, தெருவை வெறுமையாக்கிய பிறகே லாரிக்குச் சொல்ல வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு எதற்கும் அவகாசம் கிடையாது.

கொட்டிய பிறகு செய்ய வேண்டியவை நான்கு. கலவைக்குள் காற்று தங்காமல் இறுகும்படி வைப்ரேட்டர் ஓட்ட வேண்டும். மேற்பரப்பை மரப்பலகையால் மட்டும் இழுத்துவிடாமல், துடைப்பத்தால் குறுக்கே கோடிட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும்; இல்லாவிட்டால் மழையில் ஸ்கூட்டர் வழுக்கும். மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு, நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, கான்கிரீட் கால் வைத்தால் பதியாத அளவு இறுகியதும் அன்றிரவோ மறுநாள் காலைக்குள்ளோ போட்டுவிட வேண்டும். கட்டிங் மெஷின் மூன்று நாள் கழித்து வந்தால் தெரு தானே தன் இஷ்டத்துக்குக் கோணல்மாணலாக வெடித்திருக்கும். கடைசியாகக் கியூரிங். மண் வரப்புக் கட்டிப் பாத்தி பிடித்து, அல்லது சாக்குப் போட்டு, பதினான்கு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வைகாசியில் ஒரு மதியம் காய விட்டாலே மேல்தோல் வெடித்துவிடும். தண்ணீர் லாரி இரண்டு நாள் வந்து நின்றுவிட்டால் தெருக்காரர்களே ஆளுக்கு இரண்டு குடம் ஊற்றலாம். நம் வாசலுக்கு நாம் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

வாட்டம் எவ்வளவு வேண்டும்? சிமெண்ட் தெருவுக்கு ஐம்பதுக்கு ஒன்று. மூன்று மீட்டர் சந்தில் நடு உயர்ந்து இருபுறமும் சாய்ந்தால், ஒவ்வொரு பக்கமும் 3 சென்டிமீட்டர் இறக்கம். ஒரு பக்கம் மட்டும் கால்வாய் இருக்கும் சந்தில் ஒரே சாய்வாக 6 சென்டிமீட்டர். இதை டியூப் மட்டத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒளி ஊடுருவும் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உங்கள் வாசப்படியிலும் மறுமுனையை கால்வாய் ஓரத்திலும் பிடியுங்கள். இரு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் கோடு ஒரே மட்டம். அங்கிருந்து தரைக்கு டேப் வைத்து அளந்தால் எது உயரம், எது பள்ளம் என்று வந்துவிடும். வாசப்படி தெருவைவிட ஒரு சாண் உயர்ந்தும், கால்வாயின் வாய் தெருவைவிடத் தாழ்ந்தும் இருந்தால் அந்தத் தெரு தேறியது.

நடைபாதைப் பேவர் பிளாக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆள் நடக்கும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் போதும். வண்டி ஏறி இறங்கும் கடைவாசல், பள்ளி நுழைவாயில் போன்ற இடங்களில் 80 மில்லிமீட்டர் வேண்டும். எங்கும் ஒரே கனம் போட்டுவிடுவதால் வண்டி ஏறும் இடத்தில் குழி விழுகிறது. ஓரத்தில் கெர்ப் கல் இறுக்கமாக இல்லையென்றால் மொத்த வரிசையும் நகரும். ஒரு நன்மை பெரிது: குழாய்க்குத் தோண்ட வேண்டி வந்தால் பிளாக்கைக் கழற்றி அடுக்கிவைத்துத் திரும்பப் பதிக்கலாம். சிமெண்ட் தெருவில் அது நடக்காது.

கால்வாய்

மலை ஒரு பக்கம், பாலாறு மறு பக்கம். நடுவில் ஊர். ஓட்டேரிப் பக்கத்து மலைச் சரிவில் விழும் மழை ஏரிகளையும் ஓடைகளையும் கடந்து ஊரின் குறுக்கே போய்த்தான் ஆற்றைச் சேர வேண்டும். நிக்கல்சன் கால்வாய் அந்த வேலையைச் செய்வது. அதன் கரை நெருங்கி, வண்டல் ஏறி, பாலங்களுக்குக் கீழே குப்பை அடைத்தால் கன்சால்பேட்டை முதலில் மூழ்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது அதுதான் நடந்தது. தெருவோரக் கால்வாயை எத்தனை நேர்த்தியாகக் கட்டினாலும், அது போய்ச் சேரும் பெரிய கால்வாயின் நீர்மட்டம் உயர்ந்து நின்றால் தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வரும். ஆகவே பணியின் வரிசை ஆற்றிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். முதலில் தண்ணீர் ஆற்றில் விழும் கழிமுனை, பிறகு பெரிய கால்வாய், அதன் பிறகு தெருக் கால்வாய். நம் ஊரில் பல இடங்களில் தெருவில் தொடங்கி, கழிமுனை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்த மதிப்பீட்டில் மதிப்பெண் அதிகம் குறைந்தது இந்த இடத்தில்தான்.

வாளிச் சோதனை எளிது. மழை இல்லாத நாளில் கால்வாயின் மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு வேப்பிலையைப் போடுங்கள். இலை நகர்ந்துகொண்டே போனால் வாட்டம் இருக்கிறது. நடுவில் நின்று சுற்றினால் அந்த இடத்தில் அடித்தளம் மேடு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றால் அது கொசுப் பண்ணை. மூடி போட்ட கால்வாயில் பத்து மீட்டருக்கு ஒன்றாவது கழற்றக்கூடிய மூடியாக, இரும்புப் பிடியோடு இருக்க வேண்டும். எல்லா மூடியையும் சிமெண்டால் ஒட்டி, அதன் மேல் கடைக்காரர் டைல்ஸ் பதித்துவிட்டால் தூர்வாரவே வழி கிடையாது. தெருத் தண்ணீர் கால்வாய்க்குள் இறங்கும் வாயில், கம்பி வலையும் மண் படியும் சிறு தொட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். வாய் தெருவைவிட இரண்டு விரல் மேலே இருக்கும் கால்வாய்கள் ஊரில் உண்டு. அவற்றில் மழைநீர் ஒரு சொட்டும் இறங்காது.

பாதாளச் சாக்கடை இணைப்பு

புதுப்பிப்பில் கண்ணுக்குத் தெரியாத பகுதி இது. ஊரின் ஆரோக்கியம் நிற்பதும் இதன் மேல்தான். இணைப்புக் கிடைத்ததும் செப்டிக் டேங்க் தொல்லையும், லாரி கூப்பிடும் செலவும், தெருக் கால்வாயில் கழிவு ஓடும் அவலமும் ஒரேயடியாகக் குறையும். ஒழுங்காகப் பதித்த தெருக்களில் இந்த மாற்றம் மூக்குக்கே தெரிகிறது.

வரிசை தவறினால் இரட்டைச் செலவு. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், வீட்டு இணைப்பு, மழைநீர்க் கால்வாய், எல்லாம் முடிந்து கடைசியில்தான் சாலை. சாலை முதலில் வந்துவிட்டால் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரு பள்ளம். அப்படி வெட்ட வேண்டி வந்தால், தோண்டிய மண்ணை ஒரே தடவையில் தள்ளி மூடக் கூடாது. ஒரு சாண் கனத்துக்கு மண் போட்டு, நனைத்து, இடித்து, மறுபடி ஒரு சாண் என்று ஏற்ற வேண்டும். மேல் ஒட்டு, குழியைவிட இருபுறமும் அரை அடியாவது அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஓரம் அமுங்கும்.

வீட்டு இணைப்புக்கு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய். வாட்டம் அறுபதுக்கு ஒன்று. பத்து அடிக்கு இரண்டு அங்குல இறக்கம். குறைந்தால் திடக்கழிவு தங்கும். மிக அதிகமானாலும் தண்ணீர் முந்தி ஓடி, கழிவு பின்தங்கும். தொண்ணூறு டிகிரி முழங்கையைத் தவிர்த்து இரண்டு நாற்பத்தைந்து போடச் சொல்லுங்கள். வீட்டெல்லைக்குள் ஒரு ஆய்வுத் தொட்டி கட்டாயம் வேண்டும். அடைப்பு வந்தால் தெருவைத் தோண்டாமல் அங்கிருந்தே கம்பி விடலாம். சமையலறைத் தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வரும் முன் ஒரு கொழுப்புத் தொட்டியைக் கடக்க வேண்டும். பிரியாணிக் கடை, மெஸ் நடத்துகிறவர்களுக்கு இது இரட்டைக் கட்டாயம். குழாயில் உறையும் டால்டாவும் எண்ணெயும் சோப்புக் கட்டி போலாகி, அந்தத் தெரு முழுவதற்கும் அடைப்பைக் கொடுக்கும்.

மொட்டைமாடி மழைக்குழாயைச் சாக்கடைத் தொட்டியில் கொண்டுவந்து விடுவது வேலூரில் பரவலான தவறு. குழாயின் கொள்ளளவு வீட்டுக் கழிவுக்குக் கணக்கிடப்பட்டது, மழைக்கு இல்லை. ஐம்பது வீடு இப்படிச் செய்தால் பெருமழையில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு கழிவு பொங்கும், பள்ளத்து வீட்டுக் கழிப்பறை வழியாகவும் மேலே வரும். மழைநீரை வீட்டு மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் அது எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்.

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். 1900-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையைத் தேடி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் லாட்ஜுகளில் தங்குகின்றன. பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து இருக்கும் தெருக்கள் அவை. முப்பது அறை, அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஒரு லாட்ஜுக்கு நாளொன்றுக்கு 12,150 லிட்டர். அதில் எண்பது சதவீதம், 9,720 லிட்டர், சாக்கடைக்குப் போகும். ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து போவது 540 லிட்டர். ஒரு லாட்ஜ் பதினெட்டு வீட்டுக்குச் சமம். வீடாகக் கட்டி லாட்ஜாக மாற்றிய கட்டடங்கள் பழைய வீட்டு இணைப்பிலேயே ஓடினால் தெரு தாங்காது. மக்கள்தொகைப் பட்டியலில் இந்த விருந்தாளிகள் இல்லை. குழாயின் விட்டத்தைத் தீர்மானிக்கும்போது அறைகளை எண்ணியே ஆக வேண்டும். நோயாளியோடு வந்து காத்திருப்பவர்களை நம்பித்தான் அந்தத் தெருக்களின் மருந்துக்கடையும் மெஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகின்றன. அவர்களுக்கு நாற்றமில்லாத தெருவைக் கொடுப்பது இந்த ஊரின் கடமை.

அடைப்பு எதுவானாலும் ஆளைக் குழிக்குள் இறக்காதீர்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதிலேயே விஷவாயு அபாயம் உண்டு. மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 14420 என்ற எண்ணுக்கு அழைத்து இயந்திரம் கேளுங்கள்.

புதிய பேருந்து நிலையம்

கிரீன் சர்க்கிள் அருகே 53.13 கோடி ரூபாயில் கட்டி, 2022 ஜூன் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த நிலையம். வெளியூர் வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் நெடுஞ்சாலையை ஒட்டியே திரும்பிவிடுவது பெரிய லாபம். கோட்டை முன்னால் இருக்கும் பழைய நிலையத்தின் நெரிசலோடு ஒப்பிட்டால் இங்கே மூச்சு விட இடம் இருக்கிறது. கூரை உயரம், வெளிச்சம், கடைகள் எல்லாம் ஒரு மாவட்டத் தலைநகருக்குத் தகுந்தவை.

குறை, நிலையத்துக்கு வெளியே தொடங்குகிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இறங்குகிறவர் சிஎம்சிக்கோ கோட்டைக்கோ போக இன்னொரு வண்டி ஏற வேண்டும். சுமார் இரண்டு கிலோமீட்டர். முன்பு ஒரே வண்டியில் முடிந்த பயணம் இரண்டாகிவிட்டது. கையில் எக்ஸ்ரே உறையும் தோளில் பையுமாக வரும் நோயாளிக்கு அந்த இரண்டாவது ஏற்றம்தான் கடினம். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் 1, 2 எண் நகரப் பேருந்துகளைத் தேடிக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண வண்டி என்றால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நிலைய வாசலிலேயே ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிறு பேருந்து, தாழ்தளத்தோடு, மருத்துவமனை வரை ஓடினால் நம் மதிப்பெண் ஏழிலிருந்து ஒன்பதாகும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். நாலைந்து வண்டியும் ஓட்டுநர்களும் போதும்.

கிரீன் சர்க்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. மேம்பாலத்தின் கீழே காட்பாடிச் சாலையும் ஊர்ச் சாலையும் இரு சர்வீஸ் சாலைகளும் முட்டும் இடத்தில் பேருந்து நிலையத்தின் வண்டிகளும் சேர்கின்றன. நடந்து கடப்பவருக்கென்று சமமட்டத்தில் சிக்னலோடு கூடிய ஒரு கடவை வேண்டும். நடைமேம்பாலம் கட்டினால் மூட்டுவலிக்காரர் ஏறமாட்டார், பெட்டி தூக்கியவரும் ஏறமாட்டார். எல்லோரும் கீழேதான் கடப்பார்கள்.

கோட்டை அகழி சொன்ன பாடம்

133 ஏக்கர் கோட்டையைச் சுற்றி நிற்கும் அகழியை வெறும் அழகாகப் பார்க்கிறோம். கட்டியவர்கள் நீர்மட்டம் தெரிந்தவர்கள். நிறைந்தால் மிகுநீர் பாலாற்றுக்குப் போக வழி வைத்திருந்தார்கள். அந்த வழி காலப்போக்கில் ஊருக்கு அடியில் அடைபட்டுப்போனது. 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பி, தண்ணீர் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் புகுந்து நாட்கணக்கில் நின்றது. கரையில் விளக்குப் போடுவதும் அகழியைத் தூர்வாருவதும் நல்ல வேலைகள். ஆனால் நீர் வெளியேறும் வழியைக் கண்டுபிடித்துத் திறக்காமல் கொள்ளளவைக் கூட்டினால் முடிவு இதுதான். கோட்டைச் சுற்றில் 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் இருப்பதால், அந்தப் பகுதியில் கடை வைத்திருப்பவர்கள் பழுதுபார்ப்புக்கும் தொல்லியல் துறையின் அனுமதி பெற்றுத்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் தெருவுக்குப் பணி வரும்போது

பெயர்ப்பலகையில் தொகை, ஒப்பந்தக்காரர், முடியும் தேதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் நான்கும் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலம் முடிவதற்குள் வரும் வெடிப்பும் பள்ளமும் ஒப்பந்தக்காரரின் செலவு. தேதி தாண்டினால் உங்கள் வரிப்பணம். காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே படங்களோடு எழுத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கிவையுங்கள். விவரம் மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. கேட்க வேண்டியவை மூன்று: செலவு மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், கியூப் சோதனை அறிக்கை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். காகிதத்தோடு எழுந்து நிற்பவரைப் பொறியாளர் உட்காரச் சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை, பணி தொடங்கும் முன் செய்ய வேண்டியது. உங்கள் வீட்டு முன்சுவரில், தற்போதைய தெருவிலிருந்து சரியாக 60 சென்டிமீட்டர் உயரத்தில் சிவப்பு எனாமலில் ஒரு கோடு இழுங்கள். டேப்பைச் செங்குத்தாகப் பிடித்து, கோடும் தரையும் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனை, நடு, கடைசி என்று மூன்று வீடுகளிலாவது இருக்கட்டும். சாலை முடிந்த நாளில் அதே கோட்டிலிருந்து கீழே அளந்தால், 60-க்கு எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தெரு ஏறியிருக்கிறது. பில் பாஸாவதற்கு முன் அந்த மூன்று எண்களையும் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.